உள்ளே ஆள் இருக்கு

கிறிஸ்டி லிலிஸைப் படுக்கையிலிருந்து எழுப்புவது கைவேலை அல்ல, முதுகுவேலை. ப்ரீடா முதலில் அவருடைய விளங்காத வலது காலை மடக்கி வைப்பாள். பிறகு தோளுக்கடியில் முன்கையைக் கொடுத்து, பல்லைக் கடித்து, ஒரே மூச்சில் புரட்டுவாள். சன்னலுக்கு வெளியே லிமெரிக் இன்னும் விடியவில்லை. ஷானன் ஆற்றுப் பக்கமிருந்து வந்த மழை, கண்ணாடியில் சரளைபோல் விழுந்துகொண்டிருந்தது. சோப்பு நுரை, ஈரத்துணி, இரவெல்லாம் தேங்கிய மூத்திர வாடை.

“மெதுவாம்மா! நான் என்ன நிலக்கரி மூட்டையா?” என்றார் கிறிஸ்டி. ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்.

“மூட்டைன்னா வாயையாவது மூடிட்டு இருக்குமே.”

கஞ்சி ஊட்டி, போர்வை மாற்றி, அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அடுக்ககத்தின் வாசற்கதவருகே வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் மற்ற வீட்டுத் தொட்டிகளோடு அதையும் சேர்த்து நிறுத்தினாள். அடுத்து, ஊரின் மறுபக்கத்தில் மிஸஸ் டோலன். கைநடுக்க நோய்க்காரி. ப்ரீடா போய் மாத்திரை கொடுத்தால்தான் அவளால் விரலை அசைக்க முடியும்.

அவள் காரின் முன்சக்கரத்தை மஞ்சள் இரும்புப் பூட்டு கவ்வியிருந்தது.

போன வாரமும் இதே இடம், இதே பூட்டு. அன்றைக்குப் பணத்தைக் கட்டிவிட்டு ஓடியும் தாமதமாயிற்று. “இன்னொரு தடவை தவறினால் வேலை இல்லை” என்று, அவளை வீடு வீடாகப் பராமரிப்பு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி சொல்லிவிட்டது. கார் உங்களுடையது, அதன் தொல்லையும் உங்களுடையது என்பது அவர்கள் கணக்கு.

பூட்டியவன் டோனல், வேனுக்குள் இன்னும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“நான் உள்ளேதானேப்பா இருந்தேன்! அவரைக் குளிப்பாட்டிட்டு...”

“வீட்டுக்குள்ளே இருந்தா எனக்கென்னக்கா? வண்டிக்குள்ளே ஆள் இருந்தா தொடமாட்டேன், அது எங்க கம்பெனி விதி. காலி வண்டின்னா பூட்டு. எனக்கும் மேலே ஒருத்தன் இருக்கான்.”

அந்த மேலே ஒருத்தன், அடுக்ககத்தின் நிர்வாகி ஹார்னெட், குடை பிடித்து வந்தார்.

“இது தனியார் இடம்மா. குடியிருக்கிறவங்க வண்டிக்கு மட்டும்தான்.”

“வண்டி நிறுத்த கிறிஸ்டிக்குன்னு ஒரு இடம் இருக்கு. அவருக்குக் காரே கிடையாது.”

“அவர் பேர்ல பதிவான வண்டி நின்னா பேசலாம். ‘வெளி வண்டி பூட்டப்படும்’னு பலகையைப் பார்க்கலையா?”

“எங்கே பலகை?”

ஹார்னெட் கையை நீட்டினார். வாசலில் வரிசையாக நின்ற குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் பலகையின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது.

“உள்ளே வரும்போதே கண்ணுல படணும்னு சட்டம் இருக்கு,” என்றாள் ப்ரீடா.

“மறைச்சது யாரு? தொட்டியை வச்சதே நீங்கதானே!”

“அந்தக் கோட்டைப் போட்டது யாரு? பலகைக்கு நேரா கீழே, ‘தொட்டி இங்கே வைக்கவும்’னு எழுதினது நீங்கதானே!”

வேனுக்குள் டோனல் தேநீர்க் குவளையை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்துவிட்டான்.

ஹார்னெட்டின் குரல் இறங்கவில்லை. “சரி, சட்டம் உன் பக்கமே இருக்கட்டும். முதல்ல கட்டு, பூட்டைக் கழற்றுவோம். அப்புறம் மேல்முறையீடு போடு. பதில் வர வாரக்கணக்காகும். அதுவரைக்கும் நடந்து போ.”

நியாயம் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஓர் அடி நகர முடியவில்லை. ப்ரீடா சக்கரத்தருகே ஈரத்தில் குந்தி, அந்த இரும்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். பூனை கவ்விய எலிபோல் கார் மெல்லக் குலுங்கியது. போன வாரம் கட்டியதோடு கையிருப்பு தீர்ந்திருந்தது.

அடுத்த கட்டடத்தில் வேலை முடித்து வந்த ஒலூச்சி, தன் கார்க்கதவைத் திறந்தாள். நைஜீரியாக்காரி, அவளுக்கும் இதே பிழைப்பு.

“ஏறு.”

“உனக்கு நேரமாகுமேடி.”

“ரெண்டு பேருக்கும் சேர்ந்தே ஆகட்டும், ஏறு!”

போய்ச் சேர்ந்தபோது மிஸஸ் டோலன் நனைந்த படுக்கையில் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். “வந்துட்டியா” என்றுகூடச் சொல்ல நாக்கு எழவில்லை. ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. கெஞ்சியதில் ஒரு நாள் தவணை: நாளையும் தாமதமென்றால் வரவே வேண்டாம்.

மதியம் பெட்ரோல் பங்கின் பின்புறம், அந்த அடுக்ககத்துக்கு வந்துபோகிற பெண்கள் எல்லோரும் கூடினார்கள். பூட்டுக்குத் தப்பியவள் ஒருத்தியும் இல்லை. டோனல் சொன்னதை ப்ரீடா சொன்னாள். வண்டிக்குள் ஆள் இருந்தால் பூட்டமாட்டார்கள்.

“ஒருத்தி வேலை பார்க்க, ஒருத்தி வண்டியில உட்கார்றதா? யார்கிட்டடி நேரம் இருக்கு?” என்றாள் கொன்செப்டா. அவர்களில் மூத்தவள்.

ப்ரீடா கையிலிருந்த காகிதக் குவளையைக் கசக்கினாள். “நேரம் இருக்கிறவங்க எல்லாம் அங்கே மாடியில படுத்திருக்காங்களே!”

மறுநாள் விடியலில் அதே மழை. ப்ரீடா கிறிஸ்டியை எழுப்பிக் குளிப்பாட்டி முடிக்கும்வரை, அவளை ஏற்றிவந்த ஒலூச்சியே தன் காருக்குள் காவல் உட்கார்ந்திருந்தாள். பிறகு இருவருமாக அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து அந்தக் காரின் முன்சீட்டில் ஏற்றினார்கள். மடியில் போர்வை, கையில் தேநீர். ஒலூச்சி தன் வேலைக்கு ஓடினாள்; ப்ரீடா படுக்கை விரிக்கத் திரும்பினாள். நடக்க முடிந்த கிழவர்களும் கிழவிகளும் குடையோடு இறங்கிவந்து, மற்றப் பெண்களின் கார்களில் ஆளுக்கொன்றில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பின்னல் ஊசியோடு வந்திருந்தாள்.

சத்தம் கேட்டு ப்ரீடா வெளியே வந்தபோது, டோனல் இரும்பைத் தூக்கிக்கொண்டு காருக்குக் காராகக் குனிந்து பார்த்தபடி நடந்துகொண்டிருந்தான்.

“பூட்டுய்யா!” என்று கத்தினார் ஹார்னெட்.

“உள்ளே ஆள் இருக்கு சார்.”

“அடுத்ததைப் பூட்டு!”

“அதுலயும் இருக்கு சார்.” டோனல் இரும்பைத் தரையில் இறக்கினான்.

ஹார்னெட் ஒலூச்சியின் கார்க்கண்ணாடியைத் தட்டினார். “பெரியவரே, எவ்வளவு நேரம்தான் இப்படி உட்கார்ந்திருப்பீங்க?”

கிறிஸ்டி இடக்கையால் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார்.

“எங்களுக்கு வேற சோலியே இல்லையே தம்பி.”

ப்ரீடாவின் கார் மட்டும் ஓரத்தில் காலியாக, மஞ்சள் இரும்போடு அப்படியே நின்றது. பணம் கட்டாமல் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை. மிஸஸ் டோலன் வீடு இன்னும் தூரத்தில் இருந்தது. கொன்செப்டா வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்துபோட்டு ஹாரன் அடித்தாள். ப்ரீடா ஓடிப்போய் ஏறினாள். திரும்பிப் பார்த்தபோது, வரிசையாக நின்ற கார்களின் கண்ணாடிகளெல்லாம் உள்ளே இருந்தவர்களின் மூச்சுக்காற்றில் வெளுத்திருந்தன.