கேனில் நின்ற தண்ணீர்

பல் துலக்கிய தண்ணீரை அருணா வேனுக்குள் துப்பவில்லை. இறங்கிப்போய் ஆஸ்பத்திரி மதிலோரக் கால்வாயில் துப்பினாள். வேனில் சிங்க் இருந்தது. அதிலிருந்து டியூப் இறங்கும் கேன்தான் கழுத்துவரை நிறைந்திருந்தது. இன்னொரு சொம்பு ஊற்றினால் பொங்கிவிடும்.

பழைய வேனுக்குள் கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் அவள் கணவன் கோபியே பொருத்தியவை. கழிவுத் தண்ணீருக்குத் தொட்டி வைக்க இடம் போதவில்லை. எண்ணெய்க் கேனை வைத்தான். ஏற்காடு போய்விட்டு வீடு திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் புளியமரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். தட்டுகளைக் கோபிதான் கழுவினான். "கேனு ரொம்பிப்போச்சு. ஊத்திட்டுக் கெளம்பலாம்" என்றான். கேனைத் தூக்கக் குனிந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே அவள் வேனை ஓட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தாள்.

திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்த மாமியார் கெங்கம்மாள், வேனுக்குள் எட்டிப் பார்த்தபோது அருணா கேனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கீழ வையி. வெளிய போனவன் திரும்பி வர்றதுக்கு முந்தி யாராச்சும் கழுவி ஊத்துவாங்களா? இது இன்னா எழவு வூடா?"

அருணா வைத்துவிட்டாள். அதில் தனக்கு நம்பிக்கை உண்டா என்று யோசித்தாள். தெரியவில்லை. அதன்பிறகு சிங்க்கை அவள் தொடவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒருவர்தான் இருக்கலாம். இருவரும் மாறி மாறி இருந்தார்கள். தன் முறை முடிந்து வந்தால் அருணா கட்டிலில் உட்கார்ந்து கேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாம்பாரும் சோப்பும் சேர்ந்து புளித்து நாறின. மேலே ஒரு சோற்றுப் பருக்கை ஊறிப் பெருத்து மிதந்தது. அவன் தட்டிலிருந்ததா, தன் தட்டிலிருந்ததா என்று பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

வாட்ச்மேன் தாண்டவராயன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, உள்ள இன்னா கருவாட்டுக் கட கிட வெச்சினுகீறியா? ஒரே பேஜாரா கீது."

"சிங்க் தண்ணிண்ணா."

"அத்தப் போயி பொத்திவெச்சினு. தோ, அந்த வேப்பங்கன்னு காஞ்சினுகீது பாரு. அதுக்காச்சும் ஊத்து, புண்ணியமாப் போவும்."

"ஊத்தக் கூடாதுண்ணா."

"ஏன்?"

"அவரு உள்ள இருக்காரு."

தாண்டவராயன் சிரிக்க வாயைத் திறந்தார். சிரிக்கவில்லை. மாலையில் ஒரு ஊதுபத்திக் கட்டைக் கொண்டுவந்து வேன் படியில் வைத்துவிட்டுப் போனார். நாற்றத்துக்காகத்தான். அருணா அதைக் கொளுத்தவில்லை.

மறுநாள் காலையில் கெங்கம்மாள் ஆஸ்பத்திரிப் படியிறங்கி வந்தாள். காலில் செருப்பில்லை. வந்து வேன் படியில் உட்கார்ந்தாள். அருணா அவள் முகத்தைப் பார்த்தாள். கெங்கம்மாள் கேனைப் பார்த்தாள்.

"ஊத்திடு" என்றாள். "இனிமே இன்னா."

அருணா கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தளும்பிப் புடவை நனைந்தது. வேப்பங்கன்றின் அடியில் சாய்த்தாள். மண் சட்டென்று இழுத்துக்கொண்டது. பருக்கை மட்டும் மேலே தங்கியது.

திரும்பி வந்து கேனை சிங்க்குக்கு அடியில் வைத்து டியூபைச் செருகினாள். கை நாறியது. குழாயைத் திறந்தாள். வெறும் கேனுக்குள் தண்ணீர் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. படியில் உட்கார்ந்திருந்த கெங்கம்மாள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.