மூன்றாம் அறையின் கடிகாரம்

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு ஆனபோது கவுன்சிலர் ஹில்டா சக்டன், பிடித்து நடக்கும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் கமிட்டி அறைக்குள் வந்தார். கதவை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. தோளால் தள்ளினார்.

வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் பூ அனுப்பியிருந்தீங்க" என்றார் என்னிடம். "வர்றப்பவே வாடிப்போயிருந்துச்சு."

இருபத்திரண்டு வருடமாக நான் இந்த நகர மன்றத்தின் கமிட்டி கிளார்க். நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, தலையை எண்ணுவது, நடந்ததை எழுதுவது. எந்தக் கட்சியும் எனக்குக் கிடையாது. அது வேலையின் நிபந்தனை.

ஹில்டா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். பிறகு புண்ணில் சீழ். கடைசியாக அவர் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தது செப்டம்பர் பதின்மூன்று. ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத கவுன்சிலரின் பதவி தானாகப் போய்விடும். சட்டம் அப்படி. உடம்பு சரியில்லாதவருக்கு மன்றம் தீர்மானம் போட்டு விலக்குத் தரலாம். பிப்ரவரிக் கூட்டத்தின் நிரலில் அந்தத் தீர்மானம் எட்டாவதாக இருந்தது. அச்சுக்குப் போவதற்கு முன் அதை எடுக்கச் சொன்னவர் மன்றத் தலைவர் டெரிக் ஆக்ஸ்லி. ஹில்டாவின் கட்சிக்காரர்தான். எடுத்தது நான்.

ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. இன்று மன்றத்தில் நடக்கும் ஒரே கூட்டம் பூங்காக்கள் கமிட்டி. ஹில்டா அதில் உறுப்பினர்.

ஆக்ஸ்லி அவரைத் தடுப்பதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த புதன்கிழமை தார்ன்லி சாலை நீச்சல்குளத்தை அடுக்குமாடி கட்டுகிறவனுக்கு விற்கும் தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வருகிறது. குளம் ஹில்டாவின் வார்டில் இருக்கிறது. எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று அவர் படுக்கையில் இருந்தபடியே பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். ஆக்ஸ்லிக்கு அந்த ஒரு ஓட்டு இடித்தது.

பூங்காக்கள் கமிட்டியில் ஏழு பேர். மூன்று பேராவது இருந்தால்தான் கூட்டம். ஆறு மணியிலிருந்து பதினைந்து நிமிடம் பார்ப்போம். அதற்குள் மூன்று தலை சேராவிட்டால் கூட்டமே நடக்கவில்லை என்று பொருள். நடக்காத கூட்டத்துக்கு வந்தது வருகையாகாது.

நான்கு மணிக்கு நான்கு பேர் வர இயலாது என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். நான்கிலும் ஒரே வாக்கியம்.

மிச்சம் மூன்று பேர். ஹில்டா. துணைத் தலைவர் சிரில் பெவரெல், எதிர்க்கட்சி, எழுபத்தொன்பது வயது, குறுக்கெழுத்துப் போட்டியில் தலையைக் கவிழ்த்திருந்தார். கமிட்டித் தலைவர் நஸ்ரின் காஸ்மி. ஆக்ஸ்லியின் ஆள். ஹில்டா வருவதற்கு முன்பே வந்து, பையை நாற்காலியில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் குடித்திருந்தார்.

ஆக்ஸ்லி இந்தக் கமிட்டியில் இல்லை. பொதுமக்கள் நாற்காலியில் ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பூங்காக்கள் கமிட்டிக்குப் பொதுமக்கள் வந்து நான் பார்த்ததில்லை.

"இப்ப எப்படி இருக்கு ஹில்டா?" என்றார் நஸ்ரின்.

"நீ எதிர்பார்த்ததைவிட நல்லா இருக்கேன் கண்ணு."

மணிக்கூண்டு ஆறு அடித்தது. சுவரில் ஐந்து ஐம்பத்தாறு. அந்தக் கடிகாரம் எப்போதும் நான்கு நிமிடம் பின்னால்தான் ஓடும். திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

ஆறாவது அடி அடங்குவதற்குள் நஸ்ரின் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவு அவருக்குப் பின்னால் மூடியது. கதவின் கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. போனில் அவர் எதுவும் பேசவில்லை.

அறையில் உறுப்பினர்கள் இரண்டு பேர். நான் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.

ஹில்டா கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு ஆக்ஸ்லியை.

"அவளை அனுப்பிட்டு நீ உட்கார்ந்திருக்க" என்றார். "நீயே செஞ்சா என்ன?"

"நான் இந்தக் கமிட்டியில இல்லையே" என்றார் ஆக்ஸ்லி. "வேடிக்கை பார்க்க வந்தேன்." கால் மேல் கால் போட்டுக்கொண்டார். "ஹரால்ட் க்ரீவ் ஞாபகம் இருக்கா?"

ஹில்டா வாக்கரைத் தன் பக்கம் இழுத்தார்.

"பொண்டாட்டியைப் புதைச்சிட்டு அஞ்சு மாசம் வீட்டை விட்டே வரல அந்த மனுஷன். கடைசி நாள் வந்து உட்கார்ந்தாரு. இதே ரூம். அப்ப நீதான் எழுந்து போன. நான் பின்வரிசையில உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தேன். புதுசு நான். இப்படியும் பண்ணலாம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அது உண்மை. போதிய உறுப்பினர் இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை என்று அன்று எழுதியவன் நான். க்ரீவ் அதன் நகல் ஒன்று கேட்டார். கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஹில்டா எழுந்தார். வாக்கரைத் தள்ளிக் கதவு வரை போய், அதைப் பாதி திறந்தார். வெளியே போகவில்லை.

"சூடு குடுக்குற ரேடியேட்டர் வேலை செய்யாது அங்க. சளி பிடிச்சுக்கப் போகுது" என்றார்.

நஸ்ரின் போனை இறக்கினார். குரலை உயர்த்தாமல் பேசினார். தங்கள் தெரு நூலகத்தை மூடியபோது ஹில்டா கை தூக்கியதைச் சொன்னார். தன் அம்மா நானூறு கையெழுத்தோடு மனு கொண்டு வந்ததை, பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் அணைந்ததைச் சொன்னார்.

"மூணு நிமிஷம் முடிஞ்சிருந்துச்சு" என்றார் ஹில்டா.

"உங்க குளத்துக்கும் முடிஞ்சிருச்சு."

ஹில்டா கதவை விட்டார். திரும்பி வந்தவர் தன் இடத்தில் உட்காரவில்லை. நஸ்ரினின் பை இருந்த நாற்காலிக்கு அடுத்ததில் உட்கார்ந்து, வாக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டார். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆக்ஸ்லி அதைப் பார்த்தார். எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

ஏப்ரலில் எங்கள் பிரிவை வேறொரு பிரிவோடு சேர்க்கப்போகிறார்களாம். ஐந்து பேர் மூன்று பேராவோமாம். பட்டியல் இன்னும் தன் மேஜையில்தான் இருக்கிறது என்றார். அவசரமில்லாமல், மழையைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

பெவரெல் ஒரு கட்டத்தை நிரப்பினார்.

மணிக்கூண்டு கால் மணி அடித்தது.

ஆக்ஸ்லி எழுந்து ஓவர்கோட்டின் பொத்தானைப் போட்டார். வெளியே நஸ்ரின் தோளைத் தளர்த்தி, போனைக் கோட்டுப் பைக்குள் போட்டார். கால் மணி அடித்ததும் நான் எழுந்து பதிவேட்டை மூடுவது வழக்கம். வேறு அறைகளில் அதுதான் வழக்கம். இந்த அறையில் சுவரைப் பார்க்க வேண்டும். ஆறு பதினொன்று. நான் எழவில்லை.

ஹில்டா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. நஸ்ரின் உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக நாற்காலிக்குப் போய்ப் பையின் வாரைப் பிடித்தார்.

"சிரில்" என்றார் ஹில்டா.

பெவரெல் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தலைவர் தன் இடத்துல உட்காரல. துணைத் தலைவர் ஆரம்பிக்கிறேன். மூணு பேர் இருக்கோம். கூட்டம் தொடங்குது."

நஸ்ரின் வாரைப் பிடித்தபடி நின்றார். "கால் மணி அடிச்சாச்சே."

"அன்னிக்கு நான் பையைக் கையோட எடுத்துட்டுப் போனேன் கண்ணு" என்றார் ஹில்டா. "ஹரால்ட் வந்த அன்னிக்கு."

"மணி அடிச்சதை ஊரே கேட்டுச்சு" என்றார் ஆக்ஸ்லி.

"ஊருக்கு அந்த மணி. ரூமுக்குள்ள ரூம் கடிகாரம். விதி இருபத்தேழு. ஆளாளுக்கு வாட்சைக் காட்டிச் சண்டை போட்டீங்கன்னு நான்தான் கொண்டு வந்தேன். நீயும் கை தூக்கின டெரிக். படிச்சுட்டுத் தூக்கியிருக்கணும்."

நஸ்ரின் பையை விட்டார். பிறகு மறுபடி பிடித்தார். கதவைப் பார்த்தார். இனி போனாலும் வந்தது வந்ததுதான். அவருக்கும் அது புரிந்திருந்தது.

"எழுதுங்க லெஸ்லி" என்றார் ஹில்டா. "வந்தவங்க மூணு பேர். தொடங்கின நேரம் ஆறு பன்னிரண்டு."

மூன்று பெயரையும் எழுதினேன். நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

ஆக்ஸ்லி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உயரமான ஆள். அவர் தோளுக்குப் பின்னால் சுவர் மறைந்துபோனது. சட்டைக் கையை மேலே ஏற்றி, ஆறு பதினாறு காட்டும் கைக்கடிகாரம் கட்டிய மணிக்கட்டைத் திறந்திருந்த பதிவேட்டின் மேல் வைத்தார்.

"நீங்க கட்சி இல்லாத ஆளு லெஸ்லி. நீங்களே சொல்லுங்க. மணி என்ன?"