பை வேணுமாங்க?

…ஆறாவதாக நிற்பது அவளேதான், என் தங்கை, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் ஆள் மாறிவிடுமா, நிற்கிற நிற்பு மாறவில்லையே, மொத்த பாரத்தையும் இடது காலில் போட்டு வலது காலைச் சும்மா தொட்டு வைத்துக்கொண்டு, ‘நேரா நில்லுடி’ என்று அம்மா முதுகில் தட்டித் தட்டி ஓய்ந்துபோன அதே நிற்பு. மூன்று வருஷம். மூன்று வருஷமாக எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை, அம்மாவைப் பார்க்க நான் ஞாயிற்றுக்கிழமை போனால் அவள் புதன்கிழமை போவாள், அம்மாவும் அவள் சேதியை என்னிடமும் என் சேதியை அவளிடமும் சொல்லாமலிருக்கப் பழகிக்கொண்டாள். நான் இந்தக் கடையில் பில் போட உட்கார்ந்து நாலு மாசம் ஆகிறதே, அது அவளுக்குத் தெரியுமா? தெரிந்தால் வந்திருப்பாளா? என்னைத்தான் பார்க்கிறாளா, இல்லை எனக்குப் பின்னால் தொங்குகிற தள்ளுபடி அட்டையையா… கண்ணை இறக்கிக்கொண்டேன், முன்னால் சோப்பு, சோப்பை எடு, கோடு போட்ட பக்கத்தைக் காட்டு, சத்தம் வந்துவிட்டதா, அடுத்தது பல்பொடி, எல்லாம் முடிந்ததும் கேட்க வேண்டியதைக் கேள்.

“பை வேணுமாங்க? பைக்குத் தனியா காசு.”

“சாமானும் உங்ககிட்டயே வாங்கணும், அதைத் தூக்கிட்டுப் போறதுக்கும் நாங்களே அழணுமா?” என்றார் சோப்புக்காரர், என்னமோ நானே ராத்திரி முழுக்க உட்கார்ந்து இந்தப் பையைத் தைத்து விலை வைத்த மாதிரி. ஒண்ணாம் தேதியிலிருந்து இந்தப் பாட்டுதான். அதற்கு முன்னால் பை சும்மா, கேட்காமலே இரண்டு இரண்டாகக் கொடுப்போம், ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை, இப்போது சில்லறைக் காசு ஒன்று வைத்ததும் ஊரே திரண்டு வருகிறது. அவர் சோப்பைச் சட்டைப் பையிலும் பல்பொடியைப் பேண்ட் பையிலும் திணித்துக்கொண்டு, முட்டைகளை ஹெல்மெட்டுக்குள் அடுக்கி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார், தலையில் எதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவாரோ. அதற்குப் பிறகு கண்ணாடி போட்ட அம்மா, கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை, ஒரு பைக்குள்ளிருந்து இன்னொரு பை, அதற்குள்ளிருந்து இன்னொன்று, வரிசைக்கே காட்டிவிட்டுத்தான் சாமானைப் போட்டார். அடுத்தவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு விரலால் ‘ரெண்டு’ என்று காட்டினார், காசைப் பார்க்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. எனக்கு என்னவோ அந்த ஹெல்மெட்காரரையே பிடித்திருந்தது, அவராவது முகத்தைப் பார்த்துத் திட்டினார்.

இன்னும் இரண்டு பேர். அவளிடமும் கேட்டாக வேண்டும், ஒருத்தரையும் விடாமல் கேட்கணும் என்பது மேனேஜர் சொல், மூன்று வருஷம் கழித்து நான் அவளிடம் பேசுகிற முதல் பேச்சு ‘பை வேணுமாங்க’ என்பதாக இருக்கப்போகிறது, அந்த ‘ங்க’வை முழுங்கிவிட்டால் என்ன, முழுங்கினால் உரிமை கொண்டாடுகிறேன் என்று நினைப்பாளோ… நான் அவளிடம் கடைசியாகச் சொன்னதும் ஒரே ஒரு வரிதான். அவள் வீட்டுக்காரர் நல்ல வேலையை விட்டுவிட்டு நண்பனோடு சேர்ந்து அச்சகம் திறந்தார், ஒன்றரை வருஷத்தில் மூடினார், மூடிய அன்றைக்கு அவள் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்து நின்றாள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தாமல் சொன்னேன், ‘நான் அப்பவே சொன்னேன்ல?’ அவ்வளவுதான். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், போய்விட்டாள். ரொம்ப நாள் நான் என் பக்கம்தான் நியாயம் என்று இருந்தேன், சொன்னது பொய்யா, இல்லையே, இதற்குப் போய் மூன்று வருஷமா என்று. இந்தக் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக… இந்த மனிதர்கள் காசுக்காகவா கத்துகிறார்கள்? அந்தக் காசு கீழே விழுந்தால் குனிந்து எடுக்க மாட்டார்கள். வீட்டில் கதவுக்குப் பின்னால் பை தொங்குகிறது, எடுத்துவர மறந்துவிட்டோம் என்பது அவர்களுக்கே தெரியும், அதை இன்னொருத்தி நாலு பேர் முன்னால் கேட்டுக் காட்டுகிறாளே, அதுதான் சுடுகிறது. ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிக்காட்ட ஒரு ஆள் எதற்கு?

அவள் முறை வந்துவிட்டது. சாமானை ஒவ்வொன்றாக வைத்தாள், நானும் அவள் முகத்தைப் பார்க்காமல் சாமானையே பார்த்தேன், நாற்பது பக்க நோட்டு ஆறு, அப்படியானால் மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்திருப்பாள், முகச்சவரம் செய்கிற பிளேடு ஒரு பாக்கெட், கறுப்பு பாலிஷ் ஒரு டப்பி, கடைசியாக மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பா, புதுசு. கை நின்றுவிட்டது. ஷூவுக்குப் பாலிஷ், பிளேடு, சாப்பாட்டு டப்பா… வேலை கிடைத்துவிட்டதா? கேட்க நாக்கு துடித்தது, எந்த முகத்தோடு கேட்பது, பில் தொகையைச் சொன்னேன், பையைப் பற்றிக் கேட்கவில்லை. காலையிலிருந்து நான் கேட்காமல் விட்ட ஒரே ஆள் அவள்தான்.

“என்கிட்ட கேக்க மாட்டியா?” என்றாள்.

“என்ன?”

“எல்லார்கிட்டயும் கேட்டியே.”

“…பை வேணுமா?”

“வேணும். வீட்ல நாப்பது பை இருக்கு.”

‘எடுத்துட்டு வர்றதுக்கென்ன’ என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, பழக்கம், பிறவிக்குணம், இத்தனை யோசித்த பிறகும் வாசல்வரை வந்து நிற்கிறது பாருங்கள், பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளிவிட்டு, “எங்க வீட்லயும்தான். நானே நேத்து காசு குடுத்து வாங்கிட்டுப் போனேன்” என்றேன். உண்மைதான், கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அதற்கு நேற்றே சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் வாயின் ஒரு ஓரம் லேசாக அசைந்தது. நான் டப்பாவை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தேன், ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்தது. “இது ஒழுகும். வேற எடுத்துட்டு வரேன், இரு” என்று எழுந்தேன், பின்னால் நின்ற ஒருத்தர் “ஏம்மா, எங்களுக்கெல்லாம் வேலை இல்லையா?” என்றார், இருக்கட்டும், நாலாவது வரிசைக்கு ஓடினேன், என் வயசுக்கும் உடம்புக்கும் அதற்குப் பெயர் ஓட்டம்தான், ஐந்து டப்பாக்களைத் திறந்து மூடிப் பார்த்து ஆறாவதைக் கொண்டுவந்தேன். மூச்சு வாங்கியது. அவள் அதை வாங்கித் தானும் ஒருமுறை திருகிப் பார்த்தாள்.

“அவருக்குத்தான். திங்கக்கிழமைலேருந்து போறாரு” என்றாள், டப்பாவைப் பார்த்தபடியே.

“சந்தோஷம்” என்றேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. எந்தக் கம்பெனி, எவ்வளவு தூரம், இதையாவது ஒழுங்காக… ஒன்றும் இல்லை. அந்த ஒற்றைச் சொல் மொட்டையாக நடுவில் நின்றது, அவள் இன்னும் ஏதாவது வருமா என்பதுபோல் ஒரு நொடி தாமதித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள், கதவு தானாகத் திறந்து தானாக மூடியது, திரும்பிப் பார்த்தாளா என்றால் இல்லை. அவ்வளவுதானா? அவ்வளவுதான் போல. முணுமுணுத்தவருக்குப் பில் போட்டேன், அவரும் பை வேண்டாம் என்றார்.

கூட்டம் குறைந்ததும் சிட்டு வந்தாள், தூணுக்கு அந்தப் பக்கத்துக் கல்லா அவளுடையது, ஆள் குருவி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். “உங்களுக்குத் தங்கச்சி இருக்குன்னு சொல்லவே இல்லையேக்கா.”

“யார் சொன்னா?”

“அதுவேதான் சொல்லுச்சு. என் கல்லா காலியாதான் கிடந்துச்சு, தூண் மறைக்கிறதால யாரும் வரலை. இந்தப் பக்கம் வாங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். பரவாயில்லங்க, அங்க எங்க அக்கா இருக்காங்க, அங்கயே நிக்கிறேன்னுச்சு.”

எங்க அக்கா. என்னிடம் பேசிய அத்தனை பேச்சிலும் அவள் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லையே, முன்பின் தெரியாத சிட்டுவிடம் சொல்லியிருக்கிறாள், ஐந்து பேருக்குப் பின்னால் கால் மாற்றாமல் நின்றிருக்கிறாள்… என்னிடம் ஏதோ கேட்கத்தான் நின்றாளா, இல்லை நான் என்ன சொல்வேன் என்று பார்க்கவா? இன்றைக்குச் செவ்வாய். நாளைக்குப் புதன், எனக்குக் காலை ஷிப்ட்தான், மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள், அம்மா வீட்டுக்குப் புதன்கிழமை போகக்கூடாது என்று யார் சொன்னது?