பாலிஷ்காரரின் பத்து விரல்கள்

வலது கையின் நான்கு விரல்களையும் கண்ணாடிப் பலகையில் வைத்து அழுத்தச் சொன்னாள் கவுன்ட்டர் பெண். பாலிஷ்காரர் அழுத்தினார். பலகைக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடி, சிவப்பாக மாறி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. ஈரத்துணி கொடுத்தாள், பிறகு காய்ந்த துணி, பிறகு சின்னப் புட்டியிலிருந்து ஏதோ எண்ணெய். இடது கை, வலது கை, கட்டைவிரல்கள் தனியாக. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றி நின்று பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பத்துக் கட்டங்கள் இருந்தன. மூன்றில்தான் ரேகை என்று சொல்லும்படி ஏதோ தெரிந்தது. மற்ற ஏழும் வெள்ளைத் தாளில் யாரோ சாம்பலை ஊதிவிட்டது போல இருந்தன.

அவள் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வரியின் கீழும் பேனாவை நகர்த்திக்கொண்டே நிதானமாகப் படித்துக் காட்டினாள். எட்டு விரலாவது பதிந்தால்தான் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியும். இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு. ஒன்று மூன்று வாரம் கழித்து, மற்றது அதற்கடுத்த வாரம். அதிலும் பதியாவிட்டால் கோப்பு மூடப்படும். மூடிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அவரும், அவருடைய அனுமதியை நம்பி இருப்பவர்களும் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். விரல் பதியாததற்கு நோயோ வேலையோ காரணம் என்றால் விலக்குக் கேட்கலாம். நோய்க்கு மருத்துவர் கடிதம், வேலைக்கு முதலாளி கடிதம்.

அவரை நம்பி இருப்பவர்கள் இரண்டு பேர். மனைவி, மகள். மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு ஒன்பது வாரத்தில். பாலிஷ்காரர் பேருந்தில் உட்கார்ந்து வாரங்களைக் கூட்டிப் பார்த்தார். மூன்றும் ஒன்றும் நான்கு. அதற்கு மேல் முப்பது நாள். தேர்வு ஆரம்பிக்க நாலைந்து நாள் இருக்கும்போது விமானத்தில் இருப்பார்கள். வேறு விதமாகக் கூட்டிப் பார்த்தார். அப்படியும் அதே விடைதான் வந்தது.

"என்னங்க, முடிஞ்சுதா?" என்றாள் மனைவி. ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"விரலு பிடிக்கலையாம்."

"யாருக்குப் பிடிக்கலை?"

"மிஷினுக்கு."

மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். "அப்பா, என் போன்லகூட உங்க விரலை வெச்சா திறக்காதே. அன்னிக்கே சொன்னேன்ல?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஜாதகத்தைத்தான் பார்த்தாங்க. கையைப் பார்க்க விட்டுட்டாங்க" என்றாள் மனைவி. சிரித்துவிட்டுத்தான் தாளை வாங்கிப் படித்தாள். முடிக்கும்போது சிரிப்பு போய்விட்டிருந்தது.

பாலிஷ்காரர் அந்தக் கல் பட்டறையில் பதினோரு வருடமாக இருக்கிறார். சமையலறை மேடைக்கும் ஹோட்டல் வரவேற்பறைக்கும் போகிற கருங்கல், பளிங்குப் பலகைகளைத் தேய்த்து மெருகேற்றுவது வேலை. மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும்; கையில் சுழல்கிற இயந்திரம்; அதன் அடியில் முதலில் சொரசொரப்பான வட்டு, பிறகு வரவர மென்மையான வட்டு. எந்த வட்டை எப்போது மாற்றுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. மற்றவர்கள் விளக்கைச் சாய்த்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். இவர் விரலால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தெரியும். "கையுறை போட்டா கல்லு ஊமையாயிடும்" என்பார். கம்பெனி மாதாமாதம் கொடுக்கிற ரப்பர் கையுறையை வாங்கியதும் அவர் செய்கிற முதல் காரியம், கத்தரிக்கோலால் அதன் பத்து நுனிகளையும் வெட்டி எறிவது. அவர் தேய்த்த பலகை திரும்பி வந்ததே இல்லை. அதனால் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. போன தடவை புதுப்பிக்கும்போதே இயந்திரம் எட்டு முறை முரண்டு பிடித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டது. அதை அவர் இயந்திரத்தின் கோளாறு என்று நினைத்துவிட்டார்.

தோல் மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்து விரல்களைப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை, தோல் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது என்றார். பாலிஷ்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஆரோக்கியத்தின் மேல் கோபம் வந்தது. கல்லைத் தொடாமல் நாலு வாரம் இருந்தால் ரேகை தானே வளர்ந்துவிடும், இல்லாத நோயை நான் எழுத முடியாது, வேலை காரணம் என்பதை முதலாளிதான் எழுத வேண்டும் என்று சொல்லிக் களிம்பு ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மேனேஜர் வயதில் சின்னவர். இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்; இவர் அவரைச் சார் என்பார்.

"அண்ணே, நான் லெட்டர் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? ஆனா 'வேலையால தேஞ்சுது'ன்னு எழுதினா, நாளைக்கே இன்சூரன்ஸ்காரன் வந்து நிப்பான். முதலாளி என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவார்."

"பின்ன எதனால தேஞ்சுது சார்? நான் வீட்டுல உக்காந்து சுவத்தைச் சொறிஞ்சா தேஞ்சுது?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒரு பதிவேட்டை எடுத்துப் போட்டார். "இங்க பாருங்க. மாசாமாசம் கையுறை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இருக்கும் நூத்துச் சொச்சம் கையெழுத்து. கம்பெனி குடுத்தது, நான்தான் போட்டுக்கலைன்னு நீங்க எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அதை வெச்சு நான் அவங்களுக்கு லெட்டர் குடுக்கறேன். விஷயம் முடிஞ்சுது."

மேனேஜரின் தலைக்குப் பின்னால் சுவரில் விதிமுறைப் பலகை தொங்கியது. பாதுகாப்பு விதியை மீறியதாக நிரூபணமானால் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநீக்கம் என்று அதில் நாலாவது வரி. வேலை போனால் அன்றைக்கே அனுமதியும் போகும்.

"அதை எழுதிக் குடுத்தா எப்ப வேணும்னாலும் என்னை வெளிய அனுப்பலாமே சார்."

"நான் அனுப்புவேனா அண்ணே?"

பாலிஷ்காரர் பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினார். சேர்ந்திருந்த பதினாலு நாள் விடுமுறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பதினாலு நாளும் வீடே ஆஸ்பத்திரி ஆயிற்று. மனைவி பருத்திக் கையுறை வாங்கி வந்து, உள்ளே களிம்பைத் தடவி, மணிக்கட்டில் நூல் சுற்றிக் கட்டினாள். குழாயைத் திறக்கக் கூடாது. கதவுக் கைப்பிடியைத் தொடக் கூடாது. பாத்திரம், சோப்பு, காய்கறி எதன் பக்கமும் போகக் கூடாது. வேலைக்குப் போவதற்கு முன் சோற்றைப் பிசைந்து அவளே ஊட்டிவிட்டாள்.

"கல்யாணமான புதுசுலகூட இப்படி ஊட்டிவிடலை நீ."

"அப்ப உங்க விரலை நம்பி நான் இருக்கலை. வாயைத் திறங்க."

பகல் முழுக்க அவர் ஜன்னலோரம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இதே மாதிரி இன்னொரு கட்டடம். அதில் ஒரு ஜன்னலில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், துணி மடிப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார். அந்த மனிதர் எதையெல்லாம் தொடுகிறார் என்று இவர் எண்ணிக்கொண்டிருந்தார். மூக்கு அரித்தால் சட்டைத் தோளில் தேய்த்துக்கொண்டார். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பாடங்களை அவருக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். நீ படி, பக்கத்தை நான் திருப்பறேன் என்று முழங்கையால் திருப்பிக் கொடுத்தார். ஒரு பக்கம் கிழிந்தது.

"அப்பா, நீங்க சும்மா இருக்கறதுதான் இப்ப உங்க வேலை" என்றாள் மகள். அதட்டலாகச் சொல்லிவிட்டு, கிழிந்த பக்கத்தை ஒட்ட எழுந்து போய்விட்டாள்.

பதினோராம் நாள் களிம்பு மாற்றும்போது மனைவி போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இங்க வா, இங்க வா" என்று மகளைக் கூவி அழைத்தாள். இடது மோதிர விரலில் மெல்லிய வளையம் வளையமாகக் கோடுகள். குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைப் பார்ப்பது போல மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீதி இருந்த இரண்டு வாய்ப்பில் முதலாவதில் ஏழு விரல்கள் பதிந்தன.

வலது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் பதியவில்லை. கல்லைத் தடவுகிற விரல்கள் அவைதான். கவுன்ட்டர் பெண் கட்டைவிரலை மட்டும் இருபது தடவைக்கு மேல் முயன்றாள். கடைசியில் கவுன்ட்டரின் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாகக் கையை நீட்டி அவளே அவர் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். ஒரே ஒரு விரல் குறைகிறது, அடுத்த வாரம் கண்டிப்பாக வந்துவிடும் என்றாள். அதே கையால் அடுத்த தேதிச் சீட்டில் 'இறுதி' என்று முத்திரை குத்தினாள்.

அன்று மாலையே மேனேஜரைப் போய்ப் பார்த்தார்.

"இன்னும் ஒரே ஒரு வாரம் லீவு குடுங்க சார். சம்பளம் வேண்டாம்."

"பதினஞ்சு நாளுக்கு மேல ஆள் வரலைன்னா நான் பர்மிட் ஆபீசுக்குத் தெரிவிச்சே ஆகணும் அண்ணே. தெரிவிச்சா உங்க கோப்பை அப்பவே மூடிடுவாங்க."

"அப்ப வேலைக்கு வரேன். கல்லு மட்டும் வேண்டாம். கூட்டறேன், பேக்கிங் பண்றேன், கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதறேன்."

"உங்க பர்மிட் அட்டையில என்ன போட்டிருக்கு? பாலிஷ் வேலை. வேற வேலை செய்யறதைச் சோதனைக்காரன் பார்த்தா அதுவும் குத்தம்." மேனேஜர் நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். "நான் சொன்ன லெட்டர்தான் அண்ணே ஒரே வழி."

மறுநாள் வேலைக்குப் போனார். நுனி வெட்டாத புதுக் கையுறை, அதற்குள் இன்னொரு கையுறை. பதினோரு வருடத்தில் அப்படி அவர் வேலை செய்ததில்லை. கல்லின் மேல் கை போகிறது, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அறையில் பேசுவது போல எல்லாம் மங்கலாக இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லா இடமும் சரியாகவே பட்டது. மூன்றாம் நாள் ஒரு சமையல் மேடைப் பலகை திரும்பி வந்தது, ஓரத்தில் விரல் நீளக் கீறல். பட்டறையில் கல் வெட்டுகிறவர், "என்னண்ணே, உங்க பலகையா? வேற யாரோடதோன்னு நினைச்சேன்" என்றார். கிண்டலா அனுதாபமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய இடி, கையுறையைக் கழற்றியபோது விழுந்தது. மணிக்கட்டு வழியாக உள்ளே இறங்கிய தண்ணீரில் நாள் முழுக்க ஊறி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. புதிதாக வந்த மெல்லிய தோல் நுனியில் உரிந்து தொங்கியது. இடது மோதிர விரலைப் பார்த்தார். கோடுகள் இருந்த இடம் ஊறிய கடலைத் தோல் மாதிரி கையோடு வந்துவிட்டது.

மனைவியிடம் காட்டினார். அவள் விளக்கு அடித்துப் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுத்துடுங்க."

"எழுதினா அது அவன் பெட்டியிலேயே இருக்கும். சம்பளம் ஏத்திக் கேக்க முடியாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. வேற கம்பெனிக்கும் போக முடியாது. அங்கேருந்து விசாரிச்ச உடனே எடுத்துக் காட்டுவான்."

"இப்ப மட்டும் எதிர்த்துப் பேசிட்டுத்தான் இருக்கீங்களா?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. குரலைத் தாழ்த்தி, "உள்ள படிச்சுட்டு இருக்கா. அவ எழுதி முடிக்கட்டும்ங்க. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் நடக்கட்டும்" என்றாள்.

மறுநாள் மதியம் மேனேஜர் அறையில் உட்கார்ந்து எழுதினார். வெள்ளைத் தாளும் பேனாவும் மேனேஜரே எடுத்துக் கொடுத்தார். வாசகத்தையும் அவரே சொன்னார்.

"'கம்பெனி வழங்கிய பாதுகாப்புக் கையுறையை என் சொந்த விருப்பத்தால் நான் அணியவில்லை.' எழுதிட்டீங்களா? அடுத்து, 'பலமுறை எச்சரித்தும்...'"

பேனா நின்றது. "யாரும் எச்சரிக்கலையே சார்."

"எழுதுங்கண்ணே. அப்பத்தான் லெட்டர் வலுவா இருக்கும். உங்களுக்காகத்தானே?"

எழுதினார். கீழே பெயரும் தேதியும் போட்டார். மேனேஜர் அதைப் படித்துப் பார்த்து, மை காய்வதற்காக இரண்டு முறை விசிறி, ஒரு கோப்பில் வைத்துவிட்டு, ஏற்கெனவே அடித்துத் தயாராக வைத்திருந்த கம்பெனி கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

கவுன்ட்டர் பெண் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை பலகையில் விரலை வைக்கச் சொல்லவே இல்லை. பத்துக் கட்டங்களையும் கடந்து ஒரே பொத்தானை அழுத்தினாள். எட்டாம் நாள் தபாலில் புது அட்டை வந்தது. இரண்டு வருடத்துக்குச் செல்லும். கீழே சின்ன எழுத்தில் 'ரேகை விலக்கு, முதலாளியின் உறுதிமொழியின் பேரில்' என்று இருந்தது. மனைவி அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகள், "படத்துல ஏம்ப்பா திருடன் மாதிரி முழிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் படிக்கப் போனாள்.

அடுத்த வாரம் ஹோட்டல் ஆர்டருக்கான பலகைகளைப் பார்க்க அந்த ஹோட்டல்காரர் நேரில் வந்தார். கோட்டும் பளபளப்பான காலணியுமாக, தரையில் ஓடிய சேற்றுத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தார். ஒரு பெரிய கறுப்புப் பலகையின் முன் நின்று, இதில் ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றார். இரண்டு பேர் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் புலப்படவில்லை. மேனேஜர் பட்டறையின் மறுகோடியில் இருந்த பாலிஷ்காரரைக் கைகாட்டி அழைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் பாருங்க."

பாலிஷ்காரர் ரப்பர் கையுறையோடு ஒரு தடவை தடவினார். "தெரியலை சார்."

மேனேஜர் அவர் காதோரம் குனிந்தார். "அதைக் கழட்டிட்டுப் பாருங்கண்ணே. பழையபடி."

"எழுதிக் குடுங்க சார், கழட்டறேன்."

மேனேஜர் நல்ல நகைச்சுவையைக் கேட்டது போலச் சிரித்து அவர் முதுகில் தட்டினார். சிரித்த பிறகும் கையை முதுகிலிருந்து எடுக்கவில்லை. ஹோட்டல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பாலிஷ்காரர் வெளிக் கையுறையைக் கழற்றினார். பிறகு உள்கையுறை. இரண்டையும் பலகையின் காய்ந்த ஓரத்தில் வைத்துவிட்டு, மூன்று விரல்களைக் கல்லின் மேல் படரவிட்டார். மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி விரல்கள் தாமாகவே நின்றன. "இங்க" என்று சொல்லி மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டார். ஹோட்டல்காரர் குனிந்து பார்த்து, ஆச்சரியத்தில் தலையை ஆட்டினார். பிறகு அவருடைய வெறும் கைகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு நீங்கள் கையுறை கொடுப்பதில்லையா என்று மேனேஜரிடம் கேட்டார்.

"கொடுக்கிறோம். எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்" என்றார் மேனேஜர்.

பாலிஷ்காரர் நிமிரவில்லை. வெறும் விரல்களோடு பலகையின் அடுத்த மூலைக்கு நகர்ந்தார்.