வடிகட்டின நாச்சிமுத்து

கரூரில் காருக்கு ஆயில் ஃபில்டர் மாற்றினால், காரின் சொந்தக்காரரும் சேர்ந்தே வடிகட்டப்படுவார். அதனால் ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் வண்டியின் பெயரைச் சொல்வதோடு, தாங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் கடையில் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் வாங்கினால் வருவதை அனுபவிக்க வேண்டியதுதான்.

நாச்சிமுத்து போன தடவை சொல்லாமல் வாங்கிவிட்டார். போர்வை வியாபாரி, அவசரக்காரர். பழைய ஃபில்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உயரம் சரி, மரை சரி, வாஷர் சரி. மரை சேர்ந்தால் எல்லாம் சேர்ந்த மாதிரிதான் என்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே இருந்த காகிதம் ரொம்ப நெருக்கம். பாட்டு, பொய், கோபம், தாராளம் என்று கலந்துகட்டி இருந்த மனிதரில் ஒன்றே ஒன்றுதான் அதைத் தாண்டி வெளியே வந்தது. வடிகட்டின கஞ்சன் ஆகிவிட்டார்.

கொட்டாவி வந்தால் பாதியில் நிறுத்தி, மீதியை மறுநாளைக்கு வைத்துக்கொண்டார். யாராவது வணக்கம் சொன்னால் ஒரு கையை மட்டும் தூக்கினார். ஊரில் யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. “ஃபில்டர் அப்படி” என்றார்கள்.

மனைவி ருக்குமணியும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவர் அவள் பெயரிலும் கைவைத்தார். ருக்குமணி ருக்கு ஆனாள், ருக் ஆனாள், கடைசியில் ‘ரு’வில் வந்து நின்றது. அவர் கூப்பிடுகிறாரா, தொண்டையைச் செருமுகிறாரா என்றே அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஒரு எழுத்தும் போய்விட்டால் அந்த வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

ஃபில்டர் மாற்றும் நாள் வந்தது. ருக்குமணி துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். “மறுபடியும் அதையே வாங்கினீங்கன்னா, கடையிலிருந்தே தாராபுரம் பஸ் ஏறிருவேன். எங்கண்ணன் வீட்ல என்னை முழுப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க” என்றாள். காரில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. “ருக்குமணி, சாப்ட்டியா? தண்ணி பாட்டில் எடுத்தியா?” என்று கேட்டார் நாச்சிமுத்து. அவளும் சந்தோஷமாகப் பதில் சொன்னாள். தண்ணீர்த் தொட்டி முக்கு திரும்பியதும், “ரு” என்று சொல்லி ஏசியை நிறுத்தினார். தினமும் அந்த முக்கில்தான் அப்படி ஆகும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் காதர் மைதீன் ஃபில்டர்களை மேசைமேல் பரப்பினார்.

“இது நல்லாப் போகுதுங்கக்கா. வடிகட்டின யோக்கியன். ஒரு வக்கீல் வாங்கிட்டுப் போனார்.”

“இப்ப எப்படி இருக்கார்?”

“வீட்லதான் இருக்கார்.”

“அது?”

“கவுன்சிலர் சொல்லி வெச்சதுங்க. தேர்தலுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு மாத்துவார்.”

நாச்சிமுத்து பழைய மாதிரியையே கையால் காட்டினார். பேச்சு மிச்சம்.

“எனக்கு என் வீட்டுக்காரர்தான் வேணும்” என்றாள் ருக்குமணி.

“அந்த மாடல் வர்றதில்லீங்களே.”

“தண்ணித் தொட்டி முக்கு வரைக்கும் வர்றாரே!”

“அது வால்வுங்க. ஆயில் ஆறிக் கெட்டியா இருந்தா காகிதத்துல நுழையாது. வால்வு தொறந்து ஆளை அப்படியே விட்டுரும். சூடானப்புறந்தான் வடிகட்டும்.”

“அப்ப எப்பவும் அப்படியே விடற மாதிரி ஒண்ணு குடுங்க.”

காதர் மைதீன் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். “உள்ள காகிதமே இல்லீங்க. வெறும் டப்பா. இதைப் போட்டா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் இன்ஜின் போயிரும்.”

“எப்பப் போகும்?”

“அது அண்ணன்ல எவ்வளவு கலப்படம் இருக்குங்கறதைப் பொறுத்ததுங்க.”

“வே” என்றார் நாச்சிமுத்து. வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் ஃபில்டர் மாற்றுவது அந்தக் கடையில் வழக்கமில்லை. எந்தச் சொந்தக்காரரைக் கேட்பது என்பதுதான் கேள்வி. ருக்குமணி பானெட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். “ஆறட்டும். ஆறினப்புறம் கேளுங்க.”

மூவரும் காத்திருந்தார்கள். தாராபுரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ருக்குமணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்தாள். நாச்சிமுத்து மூச்சை அளந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

நன்றாக ஆறியதும் காதர் மைதீன் வண்டியைக் கிளப்பினார். “சீக்கிரம் சொல்லுங்கண்ணா, சூடாயிரும்.”

நாச்சிமுத்து இன்ஜினைப் பார்த்தார். வியாபாரத்தில் தலையெடுத்ததும் முதன்முதலில் வாங்கிய கார். அதன்மேல் அவருக்கு உயிர். பிறகு மனைவியின் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

“இன்ஜின் போனாப் போகுது. டப்பாவையே போடுங்க. ருக்குமணி, அந்தப் பையை எறக்கி வை.”

காதர் மைதீன் வண்டியை நிறுத்தி, பழைய ஃபில்டரைக் கழற்றி ஒரு தட்டில் கவிழ்த்தார். ‘க்குமணி, க்குமணி’ என்று கறுப்பாகச் சொட்டியது.

“மிச்சம் புடிச்சதெல்லாம் இதுலதான் நிக்கும். கொட்டிரட்டுங்களா?”

“கொட்டாதீங்க. உள்ளயே ஊத்திருங்க” என்றாள்.

அவர் புனல் வைத்துச் சிந்தாமல் இன்ஜினுக்குள் ஊற்றினார்.

திரும்பும்போது இன்ஜின் கடகடவென்று இரைந்தது. நாச்சிமுத்து குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரனைத் திட்டினார். சேலை புதுசா என்று, பழசு எனத் தெரிந்தே கேட்டார். அப்புறம் மனம் நிறைந்து, “ருக்குமணி” என்று கூப்பிட ஆரம்பித்தார். சேர்த்துவைத்த எழுத்துகளெல்லாம் பின்னாலேயே வரிசையாக வந்தன. க்குமணி, க்குமணி என்று அவர் சொல்லிக்கொண்டே ஓட்ட, அவள் குறுக்கே பேசாமல் காத்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி முக்கு வந்தது, போனது. பெயர் முடியவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது டொக்கென்று ஒரு சத்தம் கேட்டு இன்ஜின் அடியோடு நின்றது. கடைசி ‘ணி’யும் அப்போதுதான் முடிந்தது.

“என்னங்க?” என்றாள் ருக்குமணி.