விளம்பர இடைவேளையில் ஒரு நிக்காஹ்

அந்தப் படம் தொலைக்காட்சியில் போகும் நாட்களில் ஆலங்குடா ஜவாஹிருக்கு வால் முளைக்கும். முதலில் உள்ளங்கை பச்சையாகும், பிறகு முதுகில் செதில் தடிக்கும், நடித்தவர்களின் பெயர்கள் ஓடி முடிவதற்குள் வால் இடுப்புச் சாரத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அவரும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்கிப் போவார். ஊரில் இப்போது இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வலை காயப்போடுகிறவர்கள் வழி விடுவார்கள், அவ்வளவுதான்.

படத்தை எடுத்தது கொழும்பிலிருந்து வந்த வசதியில்லாத ஒரு தொலைக்காட்சிக் கூட்டம். கடற்பூதம் ஒன்று சுற்றுலாப் பயணிகளைத் தின்னும் கதை. பஸ் சீட்டு ரெக்சின், பஞ்சு, பாலாவிச் சந்தியில் பொறுக்கிய லொறி டியூப், இவைதான் பூதத்தின் உடம்பு. பூதமாக நடிக்க வந்தவருக்கு நீந்தத் தெரியாததால், கரையில் படகு திருத்திக்கொண்டிருந்த ஜவாஹிரைப் பிடித்து உள்ளே போட்டுத் தைத்தார்கள். கடைசி நாள் வண்டியில் ஏறும்போது டைரக்டர், இனியும் தேவைப்பட்டால் வருவீர்களா என்று கேட்டார். விருந்தாளியை வழியனுப்பும்போது மாட்டேன் என்று சொல்லி ஜவாஹிருக்குப் பழக்கமில்லை. "ஓம், இன்ஷா அல்லாஹ், படம் கூப்பிட்டா எப்பவும் வருவன்" என்றார். மரியாதைக்குச் சொன்ன பேச்சு. படம் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டது.

பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தச் சேனலுக்கு அதைவிட்டால் படமில்லையோ என்னவோ, பௌர்ணமிப் போயா விடுமுறையிலும், மழையால் கிரிக்கெட் நின்ற நாட்களிலும் அதையே போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஜவாஹிர் உறும வேண்டும், அதே ஆட்களைத் தின்ன வேண்டும், கடைசியில் கதாநாயகன் கொளுத்தும் மண்ணெண்ணெயில் வெந்து சாக வேண்டும். விளம்பரம் போகும்போது மட்டும் அவருக்குச் சொந்தக் குரல் திரும்பும். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி அந்த வழியாகப் போகிறவர்களிடம் மீன் விலை விசாரிப்பார். படம் முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வருவார். மனைவி றுக்கியா சுடுதண்ணீரும் தைலமுமாகக் காத்திருப்பாள். "மவுத்தாகி மவுத்தாகி அலுத்துப் போச்சு புள்ள" என்பார். அவள் ஒருமுறை சேனலுக்குப் போன் எடுத்து முறையிட்டாள். ஜனங்கள் விரும்பிப் பார்க்கிறார்கள் என்று பதில் வந்தது.

அவர்களுடைய ஒரே மகள் அஸ்காவுக்குத் தில்லையடியில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை ஃபஸ்லான் கத்தாரில் வேலை செய்பவன், நிக்காஹ் முடிந்த மறுநாளே விமானம். நிக்காஹ் நாளன்று கொழும்பில் கிரிக்கெட். அங்கே மழை பெய்யக்கூடாதென்று றுக்கியா ஒரு வாரமாகத் துஆக் கேட்டிருந்தாள். ஆலங்குடாவில் வெயில் காய்ந்தது, கொழும்பில் கொட்டியது. புதுச் சட்டையோடு பள்ளிவாசலுக்குப் புறப்பட்ட ஜவாஹிர் வாசற்படியில் நின்று உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்கு நடந்தார்.

மாப்பிள்ளையின் பெரிய மாமா ஹாசிம், பெண்ணின் வாப்பாவுக்குப் பதிலாக வேறொருவரை வக்கீலாக, அவர் சார்பில் மாப்பிள்ளையின் கைபிடித்துச் சொல்பவராக, வைத்து முடிக்கலாம், மார்க்கத்தில் இடமிருக்கிறது என்றார். றுக்கியா முன்னால் வந்தாள்.

"மன்னாரிலிருந்து எங்கள விரட்டினப்ப வாற வழியில என்ட வாப்பா மவுத்தாகிட்டாரு. அகதி முகாம் கொட்டில்ல ஆரோ ஒருத்தர் என்ட கலியாணத்த முடிச்சித் தந்தாரு. என்ட மகளுக்கு வாப்பா ஈக்கிறாரு. அவர்ட வாயாலதான் சொல்லணும்."

நிக்காஹ் நடத்த வந்திருந்த மிஹ்லார் மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு, அவர் எப்போது பேசுவார் என்று மட்டும் கேட்டார். படத்தை மனப்பாடமாக அறிந்த றுக்கியா, வெளிச்சவீட்டுக் காவல்காரனைத் தின்ற பிறகு வரும் விளம்பரம்தான் ஆக நீளமானது என்றாள்.

கலியாணக் கூட்டம் கடற்கரைக்கு மாறியது. ஹோட்டல்காரர் கதிரையொன்றில் டீவியைக் கொண்டுவந்து வைத்தார். மௌலவி நிக்காஹ் பிரசங்கமான குத்பாவை முன்கூட்டியே ஓதி முடித்தார். காவல்காரன் அலறி அடங்க, சலவைத் தூள் விளம்பரப் பாட்டுத் தொடங்கியது. தண்ணீர் சொட்டச் சொட்டப் பூதம் கரையேறி வந்து மாப்பிள்ளைக்கு முன்னால் மணலில் அமர்ந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் இதே கையை டீவியில் பார்த்துப் போர்வைக்குள் ஒளிந்தவன் ஃபஸ்லான். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க மகன், நான்தான்" என்றார் ஜவாஹிர்.

ஃபஸ்லான் அந்த நகங்களுக்குள் கையை வைத்தான். மௌலவி சொல்லிக்கொடுக்க, என் மகள் அஸ்காவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்லத் தொடங்கிய ஜவாஹிர், மகளின் பெயரோடு நிறுத்தி மற்றக் கையால் முகத்தைத் துடைத்தார். தேயிலை விளம்பரம் ஓடி முடிந்தது. மறுபடி சொன்னார், முழுதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டேன் என்றான் மாப்பிள்ளை. படகு மறைவில் நின்ற றுக்கியா முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். துஆ முடிவில் ஜவாஹிர் ஆமீன் சொல்லும்போது படத்தின் இசை வந்துவிட்டது, பாதி ஆமீன் உறுமலாகப் போனது. எழுந்து, சாவதற்காகக் கடலுக்குத் திரும்பிப் போனார்.

பந்தலில் சஹன் தட்டுகள் வைத்தார்கள், ஒரு தட்டுக்கு ஆறு பேர். ஹாசிமின் தட்டில் ஐந்து பேர்தான் இருந்தார்கள், யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஜவாஹிர் ஈரத்தோடு வந்து வாசலில் தயங்கினார். கை பழையபடி ஆகியிருந்தது, வால் இன்னும் உதிரவில்லை.

"வால அங்கால மடிச்சிட்டு குந்துங்க ஜவாஹிர் நானா, சோறு ஆறுது" என்று ஹாசிம் நகர்ந்து இடம் விட்டார்.