நல்லகாமனிடம் தோற்றவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை என்னுடையது இல்லை. கோச்சடையிலிருந்து சிம்மக்கல் போகிற டவுன் பஸ்ஸில் என் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருடையது. வேட்டிக்காரர், "நல்லகாமனைத் தோல்வியே காணாத வீரன்னு சும்மாவா போஸ்டர் ஒட்டுனாங்க?" என்றார். லுங்கிக்காரர், "யாரை ஜெயிச்சான்னு அந்தப் போஸ்டர்ல போட்டிருந்துச்சா?" என்றார். அதற்குள் சிம்மக்கல் வந்துவிட்டது. இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். கேள்வியை மட்டும் நான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

2

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

'வைகையில் தண்ணீர் கரைபுரண்டு ஓடிய ஒரு சித்திரை மாதத்தில்...'

வேண்டாம். சித்திரையில் வைகையில் கரைபுரண்டு ஓடுவது ஜனம்தான். மதுரைக்காரர் யாராவது படித்தால் இந்த வரியோடு எழுந்து போய்விடுவார்.

'நல்லகாமனின் இரும்புக் கைகள்...'

இதுவும் வேண்டாம். நல்லகாமனின் கைகள் எப்போதும் மாவாகத்தான் இருக்கும். கோச்சடையில் மாவு மில் ஓட்டுகிறவர் அவர். எழுபத்தெட்டாம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மில். பொழுது சாய்ந்தால் சாக்கில் மணலைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்துப் பழகுவார். சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழாவில், எந்தப் பொருட்காட்சியில் கயிறு கட்டி மேடை போட்டாலும் அவருடைய குத்துச்சண்டை உண்டு. ஆறு ரவுண்டுச் சண்டை. இதுவரை ஒன்றில்கூட அவர் தோற்றதில்லை.

3

அவருக்குச் சின்னத்தாயைப் பெண் பேசினார்கள். சின்னத்தாய்க்கு அப்பா இல்லை. தாய்மாமன் காளைதான் எல்லாம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை விசாரிப்பது என்று ஒன்று உண்டு. டீக்கடை, சலூன், பக்கத்து வயல்காரர் என்று நாலு இடத்தில் பையனைப் பற்றிக் கேட்டு, திருப்தியான பிறகுதான் பூ வைப்பார்கள். காளை டீக்கடைக்குப் போகவில்லை.

"அடி வாங்கினவனுக்குத் தெரியாததா டீக்கடைக்காரனுக்குத் தெரியப்போகுது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நல்லகாமனிடம் தோற்றவர்களை விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

(இந்தக் காளையை நானே முதலில் நம்பவில்லை. தோற்றவனிடம் போய் ஜெயித்தவனைப் பற்றிக் கேட்பார்களா? பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்தேன். பெண்ணைக் கொடுக்கப்போகிற தாய்மாமன் எதையும் கேட்பார். இருக்கட்டும்.)

4

கோரிப்பாளையத்தில் சிக்கந்தர் பாய் பரோட்டாவுக்கு மாவு வீசிக்கொண்டிருந்தார்.

"பாய், நல்லகாமன் எப்படி?"

"அவனை விடுங்கண்ணே. நான் எப்படின்னு கேளுங்க. அப்ப நான் புலி. திண்டுக்கல்லுல ஒருத்தன் என்னையப் பாத்துட்டு மேடை ஏறாம பஸ் ஏறிட்டான். அப்பேர்ப்பட்ட என்னையவே மூணாவது ரவுண்டுல சாய்ச்சுட்டான்ல."

காளைக்கு மனம் குளிர்ந்தது. புலியைச் சாய்த்த மாப்பிள்ளை. இன்னும் இரண்டு பரோட்டா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்து சிம்மக்கல் வாழைக்காய் மண்டியில் விருமாண்டி.

"சிக்கந்தர் பாயா? கண்ணாடியக் கழட்டிட்டா, முன்னாடி நிக்கிறது ஆளா கம்பமான்னு அவருக்குத் தெரியாதுண்ணே. முத ரவுண்டு பூராம் நடுவரையில்ல குத்திக்கிட்டு இருந்தாரு."

"அப்ப நீயி?"

"நான் வேற. தோளுக்கு ஒரு தாரு தூக்குற உடம்பு. மூணாவது ரவுண்டு வரைக்கும் என்னைய அசைக்க முடியலைல்ல."

பக்கத்தில் தார் அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "அன்னைக்கு விருமாண்டி மாப்ளைக்குக் காய்ச்சல்ண்ணே. போர்வையோட மேடையேறுனான்."

"ஒன்ன எவன்டா கேட்டான்?" என்றார் விருமாண்டி.

இப்படியே போனது. ஒவ்வொருவரும் தன்னைத் தூக்கினார், அடுத்தவரை இறக்கினார். கூட்டிக் கழித்தால் காளையின் கையில் எதுவும் மிஞ்சவில்லை.*

* நாலைந்து பேரை நான் விட்டுவிட்டேன். அதில் ஒருவர் சண்டை போட வந்தவரே இல்லை. மேடைக்குக் கயிறு கட்ட வந்தவர். அன்று எதிராளி வராததால் அவரையே மேடையேற்றிவிட்டார்கள்.

5

"சப்பை ஆளுகளாப் பாத்து ஜெயிச்சிருக்கான் தாயி" என்று காளை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கேட்டதையெல்லாம் சொன்னார்.

சின்னத்தாய் கேட்டாள்: "கண்ணு தெரியாத பாயும் மூணாவது ரவுண்டு. காய்ச்சக்காரரும் மூணாவது ரவுண்டு. கயிறு கட்ட வந்தவரும் மூணாவது ரவுண்டா?"

"ஆமா. அவனுக்கு அது ராசியா இருக்கும்."

"ராசியில்ல மாமா. ஒண்ணு, அந்த ஆளு பித்தலாட்டக்காரரு. இல்லைன்னா..."

(அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.)

மறுநாள் ஒரு பை நிறைய மிளகாய் வற்றலை எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனாள்.

6

மிளகாய் அரைபட அரைபட இருவர் கண்ணிலும் தண்ணீர். (காதல் என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் மிளகாய்.)

"எல்லாரையும் மூணாவது ரவுண்டுலதான் விழ வைப்பீங்களா?"

நல்லகாமன் தும்மினார். மறுபடியும் தும்மினார். மில்லை நிறுத்தினார்.

"அவுக வீட்டு ஆளுக கூட்டத்துல உக்காந்திருப்பாக. முதக் குத்துலயே விழுந்தா வீட்டுல சோறு போடுறப்பக் கேப்பாகள்ல. ரெண்டு ரவுண்டு அவுக விழாம நான் தாங்கிப் பிடிச்சா அவுகளுக்கும் ஒரு கௌரவம்."

"அவுகளுக்கே தெரியாமப் பிடிக்கணுமே."

"அதுதான் சிரமம். குத்துறது சுளுவு."

"அப்ப நெசமா நீங்க யாரையும் அடிச்சதில்ல."

"இல்ல."

"நெசமா அடிக்கிற ஆளு உங்க முன்னாடி வந்ததும் இல்ல."

"இல்ல."

"அப்ப நீங்க நல்லாச் சண்டை போடுவீங்களா, மாட்டீங்களா?"

அவர் கையிலிருந்த மாவை வேட்டியில் துடைத்தார். வேட்டியிலிருந்த மாவு கைக்கு வந்தது.

"அது எனக்கே தெரியாதுங்க."

அவள் மிளகாய்த்தூளை வாங்கிக்கொண்டாள். "சித்திரைப் பொருட்காட்சிக்கு மெட்ராஸ்காரர் உங்களோட சண்டை போட வர்றாராம்ல. நானும் மாமாவும் வாரோம். முடிஞ்சதும் உங்க மூஞ்சியப் பாத்துட்டு, பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்றேன்."

"தோத்துட்டா?"

"தோத்தா உங்களுக்கே தெரிஞ்சிரும்ல. தன்னையத் தெரிஞ்ச ஆளோட குடும்பம் நடத்துறது சுளுவு."

7

இனிமேல்தான் எனக்குக் கஷ்டம். மெட்ராஸ்காரர் நிஜமான ஆள். பம்பாய், கல்கத்தா எல்லாம் போய் ஜெயித்தவர். அவரிடம் தோற்றவர்களில் கண்ணாடிக்காரர் யாரும் இல்லை. காளை அதையும் விசாரித்துவிட்டார்.

முடிவு அ: நல்லகாமன் ஜெயிக்கிறார். விசில், மாலை, கல்யாணம். எழுதி முடித்ததும் பஸ்ஸில் வந்த லுங்கிக்காரர் என் காதுக்குள் கேட்டார்: "மெட்ராஸ்காரனுக்கு அன்னைக்குக் காய்ச்சலா?"

முடிவு ஆ: முதல் குத்திலேயே நல்லகாமன்...

எழுத வரவில்லை. அத்தனை பேரை விழாமல் பிடித்தவரை ஒரே வரியில் தள்ளிவிட மனசு கேட்கவில்லை. அப்படியென்றால் நானும் அவரைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்றுதானே அர்த்தம்?

முடிவு இ: மெட்ராஸ்காரர் மேடையேறுகிறார். முன்வரிசை முழுக்கக் கோச்சடை ஜனம். பெண்கள் பக்கம் சின்னத்தாய். மெட்ராஸ்காரர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்கிறார். முதல் குத்தில் நல்லகாமனின் முழங்கால் மடங்குகிறது. விழவில்லை. இரண்டாவது ரவுண்டிலும் விழவில்லை. மூன்றாவதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் உள்ள பலத்தையெல்லாம் கூட்டி ஒரு குத்து விடுகிறார். மெட்ராஸ்காரர் கயிறு வரைக்கும் பின்வாங்குகிறார். ஜனம் எழுந்து நிற்கிறது. மணி அடிக்கிறது.

நல்லகாமன் திகைத்து நிற்கிறார். அந்த ஆள் நிஜமாகத்தான் பின்வாங்கினாரா? அல்லது ஆளைத் தாங்குகிற அந்தப் பிடி அவருக்கும் தெரியுமா?

பெண்கள் பக்கம் திரும்புகிறார். சின்னத்தாய்க்கு மட்டும் தெரிந்திருக்கும். அவளும் இவரைத்தான் பார்க்கிறாள்.

8

இங்கே நிறுத்துகிறேன். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நான் எழுதினால் அதுவும் நான் தாங்கிப் பிடிப்பதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும், கண்ணுகளா. நான் படித்தவள் இல்லை. போஸ்டரையும் கடைப் பெயரையும் பார்த்து எழுத்துக் கூட்டியவள். இத்தனை வருஷமாகக் கதை சொல்லிவருகிறேன். நடுவில் கதை தள்ளாடுகிற இடத்தில் எல்லாம் நீங்கள் "ம்... ம்..." என்று கொட்டுவீர்கள். நான் விழாமல் நிற்பேன். அது என் கதையா, உங்கள் பிடியா என்று இதுவரை எனக்குத் தெரியாது. நல்லகாமனை எனக்குப் பிடித்துப்போனதற்கு வேறென்ன காரணம் இருக்கப்போகிறது?

அதனால் மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். கை கூசாமல், நிஜமாகச் சொல்லுங்கள். அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாலாவது ரவுண்டுக்கு மணி அடிக்கப்போகிறது.

தயவுசெய்து ம் கொட்டாதீர்கள்.